முனிகிருஷ்ணன் போகாத தெருக்கள்

நீலசந்திராவில் முனிகிருஷ்ணன் வீட்டிலிருந்து பால் பூத் கூப்பிடு தூரம். வாசலில் இறங்கி நேராக நடந்தால், அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் பாக்கெட்டோடு திரும்பிவிடலாம். ஆனால் முனிகிருஷ்ணன் பால் வாங்கப் போனார் என்றால், தண்ணீர் கொதித்து, வற்றி, பாத்திரம் அடிப்பிடித்து, யசோதா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்று தெருவின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். புருஷன் போனது கிழக்குப் பக்கம். வரப்போவது எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரியாது.

அவர் போகிற வழி அப்படி. முட்டைக்கடை கண்ணில் படுகிற இடம்வரை நேராகப் போவார். அங்கே சட்டென்று மசூதிச் சந்தில் நுழைந்துவிடுவார். மாவு மில்லுக்குப் பின்புறமாக வந்து, சாக்கடையைத் தாண்டி, பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டை ஒட்டியே நடந்து, சலூன் வருவதற்கு முன்னால் இன்னொரு சந்தில் புகுந்து, டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக்கொண்டு பால் பூத்தின் முதுகுப் பக்கமாகப் போய்ச் சேருவார். பூத்காரருக்கு அவருடைய முகத்தைவிட, பின்பக்க ஜன்னல் வழியாக நீளுகிற கைதான் பழக்கம்.

தெருக்காரர்கள் இதை வாக்கிங் என்று நினைத்தார்கள். டாக்டரம்மாகூட, "ஐம்பத்தேழு வயசுல சுகர் இவ்வளவு கன்ட்ரோல்ல இருக்குன்னா, நீங்க நடக்கிற நடைதான் காரணம்" என்று மெச்சி, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் அவரைக் காட்டினார். முனிகிருஷ்ணன் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

பெயிண்டர் முனிகிருஷ்ணன் கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொன்னால் நம்ப மாட்டீர்கள். குடி கிடையாது. சீட்டாட்டம் கிடையாது. சுவருக்குப் பட்டி வைத்தார் என்றால் கன்னத்தை வைத்துத் தேய்க்கலாம், அப்படி இருக்கும். அவரிடம் இருந்தது ஒரே ஒரு கோளாறு. கைமாற்று வாங்குவார். வட்டிக் கடன் இல்லை, பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. "உங்கிட்ட ஒரு ஐநூறு ரூபா கீதாப்பா? சனிக்கிழமை தந்துர்றேன்." எந்தச் சனிக்கிழமை என்று அவரும் சொல்ல மாட்டார், கொடுக்கிறவரும் கேட்க மாட்டார். அந்தச் சனிக்கிழமை கூலி கைக்கு வந்தால் கொடுத்தும் விடுவார். வராவிட்டால் வெட்கமாகிவிடும். வெட்கத்தில் அந்தத் தெருவைத் தவிர்த்து ஒரு வாரம் சுற்றிப் போவார். இரண்டு மாதத்தில் கடன் மண்டையை விட்டுப் போய்விடும். சுற்று மட்டும் காலில் தங்கிவிடும்.

இப்படியே காலம் போயிருக்கும். தென்னங்கன்று குறுக்கே வந்தது.

முனிகிருஷ்ணன் பதினேழு முறை சபரிமலைக்குப் போய் வந்தவர். பதினெட்டாவது முறை போகிறவர் தென்னங்கன்று சுமந்து போய் மலையில் நட வேண்டும். அதன்பிறகு அவர் குருசாமி. இந்தப் பதினேழு வருஷமும் குழுவில் அவருக்கு வாய்த்தது வெங்காயம் உரிக்கிற வேலையும், அடுத்தவர் மூட்டைக்குக் காவல் இருக்கிற வேலையும்தான். வழியில் டீ குடிக்க வேன் நின்றால், பத்துப் பேரின் டீக்காசை வசூல் செய்கிற பொறுப்பைக்கூட அவரிடம் தர மாட்டார்கள். சிரித்துக்கொண்டே, "முனி கையில வேணாம்பா" என்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார். அன்றைக்கு டீயைப் பாதி குடித்துவிட்டுக் கீழே ஊற்றிவிடுவார். கடன்கார முனி என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிற வாய்கள் ஒருநாள் முகத்துக்கு நேராக நின்று குருசாமி என்று கூப்பிட வேண்டும். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் காத்திருந்தது இதற்குத்தான். ஐயப்பனுக்கு இது தெரியாமல் இல்லை.

ஆனால் அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மாலை போடுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முனீஸ்வரர் கோயில் மண்டபத்தில் எல்லோரும் கூடுவார்கள். தென்னங்கன்று ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் தயாராக நிற்கும். பெரிய குருசாமி எத்திராஜ் மைக்கைப் பிடித்து, "இந்த சாமி யாருக்காச்சும் கைமாத்து பாக்கி வெச்சிருக்காரா?" என்று மூன்று தடவை கேட்பார். ஊரே வந்து உட்கார்ந்திருக்கும். மூன்று தடவையும் சத்தம் இல்லை என்றால் கன்று கைக்கு வரும். மலைக்குக் கிளம்பும்வரை அதற்குத் தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டும். யாராவது "எனக்கு" என்று எழுந்துவிட்டால் கன்று பக்கெட்டுக்கே திரும்பிப் போகும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தாமோதரனுக்கு அது நடந்தது. மூன்றாவது தடவை கேட்டபோது டெய்லர் எழுந்து, "பையன் பேண்ட்டு ரெண்டு, தையக்கூலி" என்றான். தாமோதரன் அதே மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆனேக்கலுக்குப் போய்விட்டார். இப்போது ஓசூர் பஸ் ஏறத்தான் வெளியே தலைகாட்டுகிறாராம்.

இந்தக் கதையை நினைத்துக்கொண்டுதான், கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, முனிகிருஷ்ணன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு அபார்ட்மெண்ட் வேலை முடிந்து கையில் பணம் வந்திருந்தது. கொடுக்க மனசும் இருந்தது. யாருக்குக் கொடுப்பது என்பதுதான் ஞாபகம் வரவில்லை.

"இன்னாய்யா, பேய் அறஞ்ச மாதிரி குந்திக்கினு கீற?" என்றாள் யசோதா. கவரிங் கடையில் வேலை செய்கிறவள். ஒரு தடவை வந்து வளையலைப் பேரம் பேசிவிட்டு வாங்காமல் போன முகம்கூட அவளுக்கு மறக்காது.

"யார் யார்கிட்ட வாங்கினேன்னு யோசிக்கிறேன் யசோ. ஒண்ணும் தோண மாட்டேங்குது."

"ஒருத்தர்கூடவா?"

"முட்டைக்கடை மமதா கிட்ட வாங்கின மாதிரி கீது. வாங்காத மாதிரியும் கீது."

 யசோதா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"உன் மண்டைக்கு ஞாபகம் இல்லாங்காட்டி இன்னா? உன் காலுக்கு ஞாபகம் கீதே. பால் வாங்கப் போறியே, எங்கெங்க திரும்புற? அங்கல்லாம் ஒரு கடன் கீது. எந்திரி. சட்டைய மாட்டு."

முப்பது வருஷ தாம்பத்தியத்தில் முனிகிருஷ்ணனுக்கு அவ்வளவு பயம் எப்போதும் வந்ததில்லை. ஆனாலும் சட்டையை மாட்டினார்.

ஏற்பாடு எளிமையானது. அவர் முன்னால் நடக்க வேண்டும். எதையும் யோசிக்கக் கூடாது. எந்த இடத்தில் அவருடைய கால் தானாகச் சந்தில் திரும்புகிறதோ, அந்த இடத்தில் யசோதா அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து நேராகத் தள்ளுவாள். நேராகப் போனால் யார் எதிர்ப்படுகிறார்களோ அவர்தான் கடன் கொடுத்தவர்.

முதல் இழுப்பு முட்டைக்கடைக்கு முன்னால். மமதா கன்னடக்காரி, நீலசந்திராவிலேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் தமிழில்தான் சண்டை போடுவாள். பாசத்துக்கும் பயத்துக்கும் மட்டும் கன்னடம். முனிகிருஷ்ணனைக் கடை வாசலில் பார்த்ததும் அவள் கையில் இருந்த முட்டை அட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

"முனியண்ணா? நீங்களா? கடைக்கே வந்துட்டீங்க?"

"மமதாம்மா, உனக்கு நான் ஏதாவது தரணுமா?"

அவள் யோசித்தாள். நெற்றியைத் தட்டிக்கொண்டாள். தன் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்த வருஷமா, கடைக்கு ஷட்டர் போட்ட வருஷமா என்று தனக்குத்தானே விசாரித்துக்கொண்டு, கடைசியில், "ஒரு முந்நூறு இருக்கும்ண்ணா. போவட்டும் விடுங்க" என்றாள். முனிகிருஷ்ணன் முந்நூறை எடுத்து நீட்டினார். மமதாவின் முகம் மாறியது. நோட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பின்னால் நின்ற யசோதாவைப் பார்த்தாள்.

"பேடண்ணா, பேடா, வேணாம். எனக்குப் புரிஞ்சுபோச்சு. இன்னிக்கு முந்நூறு குடுப்பீங்க. நாளைக்கு வந்து முப்பதாயிரம் கேப்பீங்க. என்கிட்ட இல்ல. சாமி சத்தியமா இல்ல."

அந்தப் பணத்தை அவள் கையில் திணிப்பதற்குள் இருவருக்கும் வியர்த்துவிட்டது. யசோதா ஒரு டஜன் முட்டை வாங்கி, ரொக்கமாகக் காசு கொடுத்து, தாங்கள் கடன் கேட்க வரவில்லை என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகும் மமதா ஒரு வாரம்வரை அவர்களைக் கண்டால் கல்லாவைப் பூட்டினாள்.

சலூன் தினேஷ் வேறு மாதிரி. "ஐநூறு" என்றார் முனிகிருஷ்ணன். "எழுநூறு" என்றான் தினேஷ். அரைமணி நேரம் பேச்சு நடந்தது. நாற்காலியில் பாதி மீசையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் நடுவில் நீதி சொன்னார். அறுநூறு என்று முடிவானது. காசை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்ட பிறகு தினேஷுக்கு மனசு இளகிவிட்டது. "மாலை போட்டா அப்புறம் கத்தி படக்கூடாது. இப்பவே குந்துண்ணா, ஃப்ரீயா ஒரு ஷேவிங்" என்று இழுத்து உட்காரவைத்து, பழைய பிளேடால் கன்னத்தில் இரண்டு இடத்தில் கீறி அனுப்பினான்.

நீலசந்திரா இப்படி மெல்ல மெல்லச் சுத்தமானது. மாவு மில்லில் ஒன்று, டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிரே ஹார்டுவேர் கடையில் ஒன்று. ஒவ்வொரு தெருவாக நேரானது. பால் ஒருநாள் அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதால் யசோதா அதைப் பழைய பால் என்று சந்தேகப்பட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காக்ஸ் டவுன். அங்கேதான் முனிகிருஷ்ணனுக்கு நிறைய வேலை கிடைக்கும். ஆகவே அங்கேயும் சுற்றுகள் இருந்தன. முதல் சுற்று ஒரு பெரிய அபார்ட்மெண்டைத் தவிர்த்துப் போனது. இது யார் என்று அவருக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. ரகுராம். திருச்சியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிள்ளை. லாக்டவுன் சமயத்தில் இவர்கள் வீட்டு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தான். வேலையில்லாமல் கிடந்த அந்த நாட்களில் கேட்காமலே இரண்டாயிரம் கொடுத்தான். இப்போது கல்யாணமாகி இங்கே இருக்கிறான் என்று கேள்வி.

கேட்டில் செக்யூரிட்டி கையில் ஒரு போனை வைத்துக்கொண்டு, "டெலிவரியா, கேபா, கெஸ்ட்டா, வீட்டு வேலையா?" என்று கேட்டான்.

"கடனைத் திருப்பிக் குடுக்க வந்திருக்கோம்" என்றார் முனிகிருஷ்ணன்.

செக்யூரிட்டி போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். அப்படி ஒரு பட்டன் அதில் இல்லை. டெலிவரி என்று அமுக்கினான். மேலேயிருந்து, நான் ஒன்றும் ஆர்டர் பண்ணவில்லையே என்று பதில் வந்தது. செக்யூரிட்டி விஷயத்தை விளக்கி போனை இவரிடம் கொடுத்தான்.

"தம்பி, உங்களுக்கு ரெண்டாயிரம் தரணும்..."

"எனக்கு யாரும் பணம் தர வேண்டாம் சார்" என்றது குரல், பதற்றமாக. "ஆதார் நம்பர் சொல்ல மாட்டேன். ஓடிபி சொல்ல மாட்டேன். தயவுசெஞ்சு என் அக்கவுண்டுக்கு எதுவும் அனுப்பிடாதீங்க, ஃப்ரீஸ் ஆயிடும்." பின்னால் ஒரு பெண் குரல், "கட் பண்ணுங்க, கட் பண்ணுங்க, இவங்க இப்ப கேட் வரைக்குமே வர ஆரம்பிச்சுட்டாங்களா!" என்று அலறியது.

யசோதா போனைப் பிடுங்கினாள். "டேய் ரகு! ரசஞ்சோறும் அப்பளமும் மாடிப்படியில வெச்சிட்டு கதவ தட்டிட்டு ஓடுவனே, யசோதாக்கா பேசறேன்!"

போன் கட் ஆனது. பிறகு அரை டிராயரோடு ரகுராம் லிஃப்டிலிருந்து ஓடிவந்தான். யசோதாவின் கையைப் பிடித்துக்கொண்டான். பணம் எல்லாம் வேண்டாம் என்றான். மலைக்குப் போகிற விஷயத்தைச் சொன்னதும் வாங்கிக்கொண்டான். வாங்கியவன், பழக்க தோஷத்தில், நோட்டுகளை ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் தான் செய்தது உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வேலை முடிந்தது என்று இருவரும் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்கள். சர்ச்சைத் தாண்டியதும் நேரே போனால் ஸ்டாப். முனிகிருஷ்ணனின் கால் சட்டென்று இடது பக்கம் திரும்பியது. யசோதா சட்டையைப் பிடித்தாள்.

"இங்க யாரு?"

"தெரியல."

"நல்லா யோசி."

"நிஜமா தெரியல யசோ. இந்தத் தெருவுல நான் போறதில்ல. அவ்ளோதான் தெரியும்."

அவர் சொன்னது உண்மை. எவ்வளவு கிளறினாலும் ஒரு முகமோ தொகையோ அவருக்கு வரவில்லை. வந்தது ஒரு கனம் மட்டும்தான், நெஞ்சில் ஈரத்துணியைப் போட்டது போல. இது முந்நூறு, ஐநூறு சமாச்சாரம் இல்லை என்று தோன்றியது. பையில் மீதி இருந்தது ஆயிரம் ரூபாய். இத்தனையும் அடைத்துவிட்டு இந்த ஒரு தெருவில் கன்று கைவிட்டுப் போகப் போகிறது என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. யசோதா அவர் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். பச்சைக் கேட்டும் கொய்யா மரமும் இருந்த ஒரு பழைய வீட்டுக்கு முன்னால் அவருடைய கால் தானாக நின்றுவிட்டது.

கேட்டைத் திறந்தது ஒரு வயதான அம்மாள். வெள்ளை முடி, பூப்போட்ட கவுன், மூக்குக் கண்ணாடி. இவரைப் பார்த்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"பெயிண்டர்!"

"டீச்சர்" என்று வாய் தானாகச் சொன்னது. பிரிஜெட் டீச்சர். பெயர் வந்துவிட்டது, மற்றது வரவில்லை. முனிகிருஷ்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, மூச்சு விடாமல் சொன்னார்: "டீச்சர், எவ்ளோன்னு மட்டும் சொல்லுங்க. இன்னிக்கு ஆயிரம் கீது. மீதிய மாலை போடறதுக்குள்ள எப்டியாச்சும் குடுத்துர்றேன். ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து எந்திரிச்சுடாதீங்க."

"நீ எனக்கா?" என்றாள் அந்த அம்மாள். "என்னப்பா சொல்ற? நான்தானே உனக்குத் தரணும்? நாலாயிரத்து ஐநூறு. பதினொரு வருஷமாச்சு."

அப்போதுதான் முனிகிருஷ்ணனுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். முன்னறைக்கு வெளிர்நீலம். வேலை நடக்கும்போதே டீச்சரின் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கடைசி கோட் அடித்துவிட்டு, மறுநாள் பாக்கிக் கூலி வாங்க வந்தபோது வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. உள்ளே பெட்டியில் அவர் படுத்திருந்தார். சுற்றிலும் இவர் அடித்த நீலம், இன்னும் லேசாக வாசனை அடித்துக்கொண்டு. முனிகிருஷ்ணன் பேசாமல் நாற்காலிகளை இறக்கிப் போட்டார், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார், போய்விட்டார். பிறகு இரண்டு மூன்று தடவை பணத்துக்காகத் தெருமுனைவரை வந்தார். அந்த அம்மாளிடம் போய் எப்படிக் கேட்பது என்று திரும்பிவிட்டார். அப்புறம் கால் பழகிவிட்டது.

"உன்னத் தேடாத இடமில்ல" என்றாள் டீச்சர். "உன் போன் நம்பரை டெலிபோன் பக்கத்துச் சுவத்துல எழுதி வச்சிருந்தேன். அது மேலேயே நீ பெயிண்ட் அடிச்சுட்டுப் போயிட்ட. ரெண்டு கோட்! சுரண்டிக்கூடப் பாத்தேன், வரல. இரு, இங்கயே இரு. பணம் எடுத்துட்டு வரேன்."

அவள் உள்ளே போனாள். முனிகிருஷ்ணன் கேட்டைத் தாண்டி ஓடினார். நடக்கவில்லை, ஓடினார். சர்ச்சைச் சுற்றி, பேக்கரிக்குப் பின்னால் புகுந்து, பஸ் ஸ்டாப்பில் போய் மூச்சிரைக்க உட்கார்ந்தார். யசோதா ரொம்ப நேரம் கழித்து நிதானமாக வந்தாள். டீச்சர் கொடுத்த ரோஸ் குக்கியை, அச்சுமுறுக்குதான் அது, மென்றுகொண்டிருந்தாள்.

"கடன் வாங்கினவன் ஓடி பாத்திருக்கேன்" என்றாள். "குடுத்தவன் ஓடி இன்னிக்குதான் பாக்கறேன்."

"அந்தம்மா கிட்ட எப்டி வாங்கறது யசோ? அவரு பொணம் கெடந்த ரூமுக்கு அடிச்ச பெயிண்டு. வேணாம். அது எனக்கு வர்ற காசுதான, நான் விட்டுட்டேன்னா போச்சு."

யசோதா வாயில் இருந்ததை மென்று முடித்தாள். இன்னொரு குக்கியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. முனிகிருஷ்ணனுக்குக் கன்று கிடைக்குமா என்பதுதான் ஒரு வாரமாக ஊரில் பேச்சு; இந்த ஆள் எப்படித் தப்பிக்கிறான் பார்க்கலாம் என்று வந்தவர்கள் பாதிப் பேர். எத்திராஜ் குருசாமி மைக்கைத் தட்டினார். பக்கெட்டில் கன்று மூன்று ஓலையை விரித்து நின்றது. முனிகிருஷ்ணன் அதையே பார்த்துக்கொண்டு கைகட்டி நின்றார்.

"இந்த முனிகிருஷ்ணன் சாமி யாருக்காச்சும் கைமாத்து பாக்கி வெச்சிருக்காரா?"

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். முனிகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தார். வெறும் கனைப்புதான்.

"ரெண்டாந்தரம் கேக்கறேன். பாக்கி வெச்சிருக்காரா?"

மமதா எழுந்தாள். மண்டபமே அவளைப் பார்த்தது. "காலு மரத்துப்போச்சு" என்று அவள் சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். முனிகிருஷ்ணன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா கேக்கறேன். பாக்கி கீதா?"

சத்தமில்லை. எத்திராஜ் குனிந்து கன்றை எடுக்கப் போனார்.

"பாக்கி இருக்கு" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

வெள்ளை முடியும் குடையுமாகப் பிரிஜெட் டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. அதில் பரிதாபம் பாதி, நினைத்தது நடந்த திருப்தி பாதி. எத்திராஜின் கை கன்றிலிருந்து விலகியது. முனிகிருஷ்ணன் ஓட வழி தேடினார். மண்டபத்துக்கு ஒரே வாசல். அதில் யசோதா நின்றிருந்தாள்.

"எவ்ளோம்மா தரணும் இவரு?" என்று எத்திராஜ் கேட்டார்.

"அவர் எனக்குத் தர வேண்டாம். நான் அவருக்குத் தரணும்" என்றாள் டீச்சர். ஐம்பது பிள்ளைகளை அடக்கி ஆண்ட குரல், மைக் தேவைப்படவில்லை. "என் வீட்டுக்காரர் இறந்த அன்னைக்கு, அவரைக் கொண்டுவந்து படுக்கவைக்க ஒரு சுத்தமான அறை இருந்ததுன்னா அது இவரால. கூலி பாக்கி. அதைக் கேட்டு என் மனசை நோகடிக்கக் கூடாதுன்னு பதினொரு வருஷமா இந்த மனுஷன் என் தெருவையே மிதிக்கல. போன வாரம் குடுக்கப் போனா ஓடிட்டார். இந்தக் கோயில்ல பாக்கியைப் பத்திக் கேப்பாங்கன்னு அவர் சம்சாரம் சொன்னாங்க. அதான் சொல்ல வந்தேன். கடன்காரி நான்தான்."

 கடன்கார முனிக்கு ஒருத்தர் கடன்பட்டிருக்கிறார் என்பது அங்கிருந்த யாருடைய மண்டையிலும் ஏற மறுத்தது. தினேஷ் பக்கத்திலிருந்தவனிடம், "யாரு, நம்ம முனிக்கா?" என்று இரண்டு தடவை கேட்டான். எத்திராஜுக்கும் நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு வழக்கு வந்ததில்லை. மைக்கை மூடிக்கொண்டு யோசித்தார்.

"பாக்கின்னா ரெண்டு பக்கமும்தான் பாக்கி" என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னார். "நீ விட்டுட்டேன்னு சொன்னா ஆச்சா? அந்தம்மா மனசுல அது கெடக்குது இல்ல? கைய நீட்டு சாமி."

முனிகிருஷ்ணன் கையை நீட்டினார். வாங்குவதற்கு எத்தனையோ தடவை நீண்ட கைதான். அன்றைக்கு மட்டும் அது பாதி தூரத்திலேயே நின்றுவிட்டது. டீச்சர் கவரை வைத்து, அவருடைய விரல்களை மடக்கிவிட்டாள். அவர் எல்லோர் முன்னாலும் குழந்தை மாதிரி அழுதார். அதற்காக அவர் வெட்கப்படவில்லை.

"டீச்சர்" என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அந்த ரூமு நீலம் இந்நேரம் மங்கிப் போயிருக்கும். மலைக்குப் போயிட்டு வந்து அடிச்சுத் தர்றேன்."

"வா. இந்தத் தடவை நம்பரைச் சுவத்துல எழுத மாட்டேன்."

எத்திராஜ் கன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு முனிகிருஷ்ணன் வீட்டுக்கு நேர்வழியில் நடந்தார். சலூன் வழியாக, மாவு மில் வழியாக, முட்டைக்கடை வழியாக. ஒரு கடைகூட விடவில்லை.

மலையிலிருந்து வந்தபிறகு அவரைக் குருசாமி என்றுதான் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா மட்டும், சுகர் கொஞ்சம் ஏறியிருக்கிறதே, நடையை நிறுத்திவிட்டீர்களா என்று கடிந்துகொண்டார். ஊர் அவரைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் பத்திரமாக ஞாபகம் வைத்துக்கொண்டது: பதினொரு வருஷமானாலும் இந்த மனுஷன் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க மாட்டார். முதலில் வந்தது தினேஷ். "குருசாமி, ஒரு ஆயிரம் கீதா? சனிக்கிழமை தந்துர்றேன்." எந்தச் சனிக்கிழமை என்று முனிகிருஷ்ணன் கேட்கவில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் காலையில் அவர் பால் வாங்கக் கிளம்பினார். நேர்வழியில், கையை வீசிக்கொண்டு. தூரத்தில் எதிரே தினேஷ் வந்துகொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் அவன் நடை லேசாகத் தடுமாறியது. கண் பக்கவாட்டில் சந்தைத் தேடியது. அந்தத் தடுமாற்றம் முனிகிருஷ்ணனுக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த நேரத்தில் வாய் எப்படி உலரும், முதுகு எப்படிக் கூசும் என்பதும் தெரிந்தது. தினேஷுக்கு அந்த இடத்தில் திரும்பச் சந்து இல்லை. இன்னும் பத்தடியில் இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்க வேண்டும்.

முனிகிருஷ்ணன் எதையோ மறந்தவர் போலத் தலையில் தட்டிக்கொண்டு, சட்டென்று மசூதிச் சந்தில் நுழைந்தார்.

மாவு மில்லுக்குப் பின்புறமாக, சாக்கடையைத் தாண்டி, பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டை ஒட்டி அவர் பால் பூத்துக்குப் போய்த் திரும்பியபோது, யசோதா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"யாருக்குய்யா?" என்றாள்.

"தினேஷுக்கு" என்றார். "பாவம், அவனுக்குத் திரும்ப எடம் இல்ல."